இரண்டு லேசர்கள், ஒரே தாளம்

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் 800 நானோமீட்டரில் ஒரு ஃபெம்டோவினாடி லேசரும் 1030 நானோமீட்டரில் இன்னொன்றும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே ட்ரிகர் சிக்னல் கொடுத்தால் பல்ஸ்கள் சேர்ந்தே வராதா? இதை ஏன் இவ்வளவு கடினமான வேலை என்கிறார்கள்?
ஆராய்ச்சி மாணவி, திருச்சி

பதில்: வராது. ஃபெம்டோவினாடி என்பது ஒரு வினாடியைப் பத்து கோடி கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. இந்த வகை லேசரில் ஒவ்வொரு பல்ஸையும் ட்ரிகர் கொடுத்து வரவழைக்க முடியாது. இரண்டு முனைக் கண்ணாடிகளுக்கு நடுவே ஒரே ஒரு பல்ஸ் ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கிறது. ஒரு முனையைத் தொடும்போதெல்லாம் அதில் கொஞ்சம் வெளியே கசிகிறது. வினாடிக்கு 8 கோடி முறை அப்படிக் கசிய வேண்டுமானால், கண்ணாடிகளுக்கு இடையே பாதை சுமார் 1.87 மீட்டர் இருக்க வேண்டும். பல்ஸ் எப்போது வரும் என்பதை முடிவு செய்வது அந்த நீளம்தான்.

இரண்டு லேசரையும் ஒரே நீளத்துக்கு வைத்துவிட்டீர்கள், ஒன்றில் மட்டும் 1 மைக்ரான் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்வர 2 மைக்ரான். அதாவது சுற்றுக்கு ஏறக்குறைய 6.7 ஃபெம்டோவினாடி தாமதம். பதினைந்தே சுற்றில் 100 ஃபெம்டோவினாடி சேர்ந்துவிடும். பல்ஸின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! இந்தப் பதினைந்து சுற்றுக்கு 0.2 மைக்ரோவினாடிகூட ஆகாது.

அதனால் ஒரு லேசரின் முனைக் கண்ணாடியை, மின்னழுத்தம் கொடுத்தால் நுண்ணளவு நீளும் பீஸோ படிகத்தில் ஒட்டிவிடுவார்கள். இரண்டு ஒளியையும், அதை மின்சிக்னலாக மாற்றும் போட்டோடையோடில் வாங்கி, எது முந்துகிறது என்று பார்த்து, அதற்கேற்ற மின்னழுத்தத்தால் கண்ணாடியை நகர்த்துவார்கள். 80 மெகாஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 8 கோடி என்ற அந்தத் தாளத்திலேயே ஒப்பிட்டால் 1 பிகோவினாடி (1000 ஃபெம்டோவினாடி) பிழை கண்ணில் படாது. அதன் 100 மடங்கான 8 கிகாஹெர்ட்ஸில் ஒப்பிட்டால் அதே பிழை 100 மடங்கு பெரிதாகத் தெரியும். அமெரிக்காவின் போல்டர் நகரில் இயற்பியலாளர் ஜூன் யேயின் குழு 2001-இல் 14 கிகாஹெர்ட்ஸ் வரை போய், இரண்டு டைட்டானியம்-சஃபையர் லேசர்களை 10 ஃபெம்டோவினாடிக்குள் பிடித்து நிறுத்தியது. மின்சாரச் சிக்னலையே விட்டுவிட்டு, இரண்டு நிற ஒளியும் படிகத்தில் சேரும் அளவை வைத்தே பிழையை அளக்கும் முறையும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கேர்ட்னர் என்ற ஆய்வாளரின் குழு 2003-இல் அதைச் செய்து காட்டியது. எனக்கு மிகவும் பிடித்த முறை அது.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் தினமும் மதியம் லாக், அதாவது இரண்டு லேசரையும் ஒரே தாளத்தில் பிடித்து வைக்கும் இந்தக் கட்டுப்பாடு, விட்டுப்போகும். மூன்று வாரம் எலக்ட்ரானிக்ஸ் பெட்டிகளையே பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். கடைசியில் மேஜை மேல் ஒரு தெர்மாமீட்டரை வைத்தபோதுதான் தெரிந்தது: ஏ.சி. நின்று நின்று ஓடியதில் அறை வெப்பம் 1 டிகிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் லேசரின் அடித்தட்டு அலுமினியம். 1 டிகிரிக்கு அது 1.87 மீட்டரில் 43 மைக்ரான் நீளும். பீஸோவால் தள்ள முடிந்ததோ 10 மைக்ரானுக்கும் குறைவு. அடித்தட்டுக்குள் ஒரே வெப்பநிலையில் நீர் ஓட விட்டு, லேசருக்கு மூடி போட்டு, கண்ணாடிக்குக் கீழே ஒரு மோட்டாரும் வைத்த பிறகு லாக் நாள் முழுக்க நின்றது. முதலில் உங்கள் அறை வெப்பத்தை ஒரு வாரம் குறித்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

லாக் நின்றாலும் பல்ஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிட்டதாக அர்த்தமில்லை. இரண்டும் மாறாத இடைவெளியில் வருகின்றன, அவ்வளவுதான். ஆஸிலாஸ்கோப்பில் முடிந்தவரை நெருக்கி வைத்துவிட்டு, ஒரு ஒளியின் பாதையைப் பொறுமையாக நகர்த்துங்கள். அந்தப் பாதையின் கண்ணாடியைச் சுமக்கும் தாங்கியை 1 மில்லிமீட்டர் தள்ளினால், ஒளி போய்வருவதால், 6.7 பிகோவினாடி மாறும். வழியில் இருக்கும் லென்ஸையும் கணக்கில் எடுங்கள். 1 செ.மீ. சிலிக்கா கண்ணாடியைக் கடக்கும்போதே 800-இன் பல்ஸ் 1030-ஐவிட 100 ஃபெம்டோவினாடிக்கு மேல் பிந்திவிடும். இரண்டு நிற ஒளியைச் சேர்த்துப் புதிய நிறம் தரும் பி.பி.ஓ. படிகத்தில் இரண்டும் சரியாகச் சந்திக்கும் கணத்தில், இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே 450 நானோமீட்டரில் புதிதாக ஒரு நீலப் புள்ளி எழும். முதல் தடவை அதைப் பார்த்தபோது இரவு பதினோரு மணி. விளக்கைப் போடாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேடும்போது 800, 1030 இரண்டையும் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். 1030 கண்ணுக்கே தெரியாது. நீலத்தை விடும் வகையாகப் பார்த்து வாங்கினால், அந்தப் புள்ளி அதன் வழியாகவே தெரியும்.