சுவோனுக்கு வரப்போகும் தம்பிக்கு

திருச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தென் கொரியாவின் சுவோன் நகரில் பொறியாளர் வேலை, அதற்கான ஈ-7 வேலை விசா கைக்கு வந்துவிட்டது. மனைவியையும் நான்கு வயது மகளையும் அழைத்து வரலாமா என்று யோசிக்கிறார். "கொரியன் சீரியலில் பார்த்தால் எல்லாம் அழகாக இருக்கிறது, யூடியூபில் பார்த்தால் மூச்சுவிட நேரமில்லாத நாடு என்கிறார்கள். அன்றாட வாழ்க்கை உண்மையில் எப்படி அக்கா?" என்பதுதான் கேள்வி.

தம்பி, நானும் கணவரின் வேலைக்காக இங்கே வந்தவள்தான். பல வருடங்களாக இதே ஊரில் இருக்கிறேன். உங்கள் கேள்வியில் சம்பளம், பாதுகாப்பு, சாப்பாடு எல்லாம் இருக்கிறது. பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போகும் உங்கள் மனைவியின் பொழுது எப்படிப் போகும் என்பது மட்டும் இல்லை. நான் பார்த்த குடும்பங்களில் இங்கே நிலைத்தவர்களும் சரி, இரண்டு வருடத்தில் ஊர் திரும்பியவர்களும் சரி, பெரும்பாலும் அதை வைத்துத்தான் முடிவெடுத்தார்கள். அதனால் அந்தப் பக்கமிருந்தே சொல்கிறேன்.

முதல் சில வாரங்கள் பொறுமையைச் சோதிக்கும். வந்து 90 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதிவு செய்து வெளிநாட்டவர் அட்டை வாங்க வேண்டும். முன்பதிவு இல்லாமல் போனால் வேலை நடக்காது, அதனால் விமானம் இறங்கியதுமே தேதி எடுத்துவிடுங்கள். அட்டை வந்தால்தான் உங்கள் பெயரில் முறையான கைபேசி இணைப்பு. அந்த எண் இருந்தால்தான் இணையத்தில் இது நான்தான் என்று நிரூபிக்க முடியும். அது இல்லாமல் வங்கிச் செயலியும் ஓடாது, இணையக் கடையும் ஓடாது. இதில் நம் ஆட்களுக்குத் தனியாக ஒரு சிக்கல், பெயர். நமக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கும், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். அட்டை, வங்கி, கைபேசி மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட, ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். நீளம் அதிகம் என்று ஓரிடத்தில் வெட்டினாலோ முன்பின் மாற்றினாலோ சரிபார்ப்பு தோற்றுக்கொண்டே இருக்கும். தட்டச்சு செய்யும்போதே திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். எதற்கும் குழப்பம் என்றால் 1345 என்ற எண்ணில் குடிவரவுத் துறையிடம் ஆங்கிலத்தில் பேசலாம்.

வீட்டு விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள், பணம் போகிற இடம் அதுதான். இங்கே இரண்டு முறை உண்டு. ஜொன்ஸே என்றால் வீட்டு விலையில் பாதிக்கு மேல் ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு வருடம் இருந்து, போகும்போது முழுத் தொகையையும் திரும்ப வாங்குவது. நம்மூர் ஒத்தி மாதிரிதான். வொல்ஸே என்றால் முன்பணமும் மாத வாடகையும். ஓர் அறை வீட்டுக்கே 1 கோடி வொன், அதாவது ஏறக்குறைய 6 லட்சம் ரூபாய், முன்பணம் கேட்பது சாதாரணம். குடும்பத்தோடு இருக்கும் அளவு வீடு என்றால் அதற்கும் மேல். ஜொன்ஸே லாபமாகத் தெரியும். ஆனால் 2022, 2023 வாக்கில் முன்பணத்தைத் திருப்பித் தராத மோசடிகள் நாடு முழுக்க வெடித்தன. இஞ்சியோன் நகரில் பணத்தை இழந்த இளைஞர்கள் சிலர் உயிரையே விட்டார்கள். நம் சுவோனிலும் பெரிய வழக்கு ஒன்று நடந்தது. 2023இல் பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அதனால் முதல் வீட்டுக்கு வொல்ஸே போதும் என்பது என் உறுதியான கருத்து. கையெழுத்துப் போடும் முன் வீட்டின் பதிவுப் பத்திரத்தை எடுத்து, அதன்மேல் வங்கிக் கடன் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். குடிபோனதும் முகவரி மாற்றத்தைப் பதிவு செய்து, ஒப்பந்தத்தில் தேதி முத்திரையும் வாங்கிவிடுங்கள். இந்த இரண்டும் இருந்தால்தான் வீடு ஏலத்துக்குப் போனாலும் உங்கள் முன்பணத்துக்குச் சட்டத்தில் முன்னுரிமை கிடைக்கும். வீட்டுத் தரகர் அலுவலகத்தில் "வெளிநாட்டவருக்கு வீடு இல்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்வதும் நடக்கும். எங்களுக்கும் நடந்தது. வலிக்கத்தான் செய்யும், அடுத்த தெருவில் வேறொருவர் சாவியைக் கொடுப்பார்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் குளிரைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். சனவரியில் சில நாள் வெளியே பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரிக்கும் இறங்கும். ஆனால் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் ஒன்டோல் எல்லா வீட்டிலும் உண்டு. வெறுங்காலோடு நடக்கலாம், தரையிலேயே பாய் விரித்துப் படுக்கலாம். இட்லி மாவுப் பாத்திரத்தைத் துண்டு சுற்றித் தரையில் வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். எரிவாயுக் கட்டணம் மட்டும் குளிர்காலத்தில் கடிக்கும்.

சத்தம்தான் உங்கள் மனைவியைப் பதற வைக்கும் முதல் விஷயமாக இருக்கும். அடுக்குமாடிகளில் மேல்வீட்டுச் சத்தம் கொரியர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. இதனால் கைகலப்பு வரை போய்ச் செய்தியில் வருவதுண்டு. குழந்தை ஓடினால் கீழ்வீட்டிலிருந்து காவலாளி வழியாகப் புகார் வரும். தடிமனான விளையாட்டு மெத்தை விரிப்பு வாங்கி ஹாலில் போட்டுவிடுங்கள், இங்கே குழந்தை உள்ள எல்லா வீட்டிலும் அது இருக்கும். மிக்ஸியும் கிரைண்டரும் பகலில் மட்டும். குடிபோன வாரமே குழந்தையை அழைத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் பழமோ இனிப்போ கொண்டுபோய்க் கொடுத்து வணக்கம் சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பாட்டி உங்கள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சத்தமும் பாதியாகக் கேட்கும்.

குப்பைக்கும் ஒழுங்கு உண்டு. 1995 முதல் காசு கொடுத்து வாங்கிய பையில்தான் குப்பை போட வேண்டும். சுவோன் பை சுவோனுக்கு மட்டும். உணவுக் கழிவு தனி. பல அடுக்குமாடிகளில் அதை எடைபோட்டு மாதக் கட்டணத்தில் சேர்க்கிற தொட்டி இருக்கும். எலும்பும் முட்டை ஓடும் வெங்காயத் தோலும் உணவுக் கழிவில் சேராது, பொதுக் குப்பைக்குப் போக வேண்டும். ஒரு மாதத்தில் கை பழகிவிடும்.

சாப்பாடு. நீங்கள் அசைவம் என்றால் கவலை குறைவு. கானாங்கெளுத்தி, வாளை, கணவாய் எல்லாம் சந்தையில் புதிதாகக் கிடைக்கும். ஆட்டிறைச்சிதான் அரிது. சைவம் என்றால் வெளியில் சாப்பிடுவது நிஜமாகவே கஷ்டம். பார்க்கக் காய்கறி சூப்பாக இருக்கும், அடியில் நெத்திலிக் கருவாட்டுச் சாறு இருக்கும். கிம்ச்சியில் மீன் சாறோ இறால் உப்போ சேர்ந்திருக்கும். இறைச்சியும் முட்டையும் வேண்டாம் என்று சொல்லி, சோற்றின்மேல் காய்கறி வைத்துக் கலந்து சாப்பிடும் பிபிம்பாப் வாங்குவதுதான் ஓரளவு வழி. வீட்டில் சமைக்கத் தடையில்லை. சுவோன் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள வெளிநாட்டுக் கடைகளில் பருப்பு, உளுந்து, மசாலா, பாசுமதி எல்லாம் உண்டு. முள்ளங்கியும் கத்தரிக்காயும் பூசணியும் உள்ளூர்ச் சந்தையிலேயே அருமையாகக் கிடைக்கும். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் எதிர்பார்க்காதீர்கள். பழம் விலை நம்மவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். 2024 வசந்தத்தில் ஆப்பிள் விலை ஏறி, நாட்டின் அரசியலே அதைப் பேசியது.

வேலையைப் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. 2018 முதல் கூடுதல் நேரம் உட்பட வாரத்துக்கு 52 மணி நேரம்தான் சட்டப்படி உச்ச அளவு. அது படிப்படியாகச் சின்ன நிறுவனங்களுக்கும் வந்துவிட்டது. எல்லா இடத்திலும் முழுதாக நடக்கிறதா என்றால் இல்லை, குழுத் தலைவரைப் பொறுத்தது. வேலை முடிந்தபின் குழுவாகச் சாப்பிட்டுக் குடிக்கும் ஹ்வேஷிக் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. குடிக்க மாட்டேன் என்றால் இப்போது யாரும் வற்புறுத்துவதில்லை, ஆனால் போய் உட்கார்ந்து பேசிச் சிரித்துவிட்டு வாருங்கள். வயதும் பதவியும் இங்கே நம்மூரைவிடக் கண்டிப்பாகப் பார்க்கப்படும். முதல் சந்திப்பிலேயே வயதைக் கேட்பார்கள், உங்களிடம் எப்படிப் பேசுவது என்று முடிவு செய்யத்தான். ஒரு வருடம் முடித்தால் 15 நாள் ஊதிய விடுப்பு, வேலையை விடும்போது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளக் கணக்கில் ஓய்வுத்தொகை. இரண்டும் உங்கள் உரிமை, கேட்டு வாங்குங்கள்.

பாதுகாப்பும் வசதியும் நீங்கள் கேள்விப்பட்டது போலத்தான். இரவு பதினொரு மணிக்குத் தனியாக நடந்து வருவேன், பயம் இருந்ததில்லை. காபிக் கடை மேசையில் மடிக்கணினியை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போவார்கள், வந்து பார்த்தால் அங்கேயே இருக்கும். இரவு ஆர்டர் செய்த பால் விடியும்முன் வாசலில் இருக்கும். காய்ச்சல் என்றால் தெருமுனை மருத்துவரிடம் போய்ச் சில ஆயிரம் வொன்னில் பார்த்துவிடலாம், உங்கள் நிறுவனம் வழியாக வரும் தேசிய மருத்துவக் காப்பீட்டில் குடும்பமும் சேரும்.

இவ்வளவு வசதிக்கு நடுவிலும் உங்கள் மனைவி தனியாக இருப்பார், தம்பி. உங்கள் குடும்பத்தினராக அவருக்குக் கிடைக்கும் எஃப்-3 விசாவில் தனி அனுமதி வாங்காமல் அவர் வேலை செய்ய முடியாது. ஊரில் அவர் வேலைக்குப் போகிறவர் என்றால், இதை இப்போதே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். பக்கத்து வீட்டில் யாரும் கதவைத் தட்டி "என்ன சமையல்" என்று கேட்க மாட்டார்கள். பேருந்தில் அவர் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே இருக்கும் நாளும் வரும். தோல் நிறத்தைப் பார்க்கும் பார்வை இங்கே உண்டு, அது இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாகுபாட்டை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் சட்டம் இன்னும் இந்த நாட்டில் வரவில்லை. அடிக்கவோ கத்தவோ மாட்டார்கள், ஒதுங்கிப் போவார்கள். அந்த ஒதுக்கம் வீட்டிலேயே இருப்பவரைத்தான் முதலில் தின்னும்.

என்னைக் காப்பாற்றியது மொழி. கொரிய எழுத்து 15ஆம் நூற்றாண்டில் செஜோங் மன்னர் சாதாரண மக்களுக்காக உருவாக்கியது. ஒரு வாரத்தில் படித்துவிடலாம், நிஜமாகவே. பேசத்தான் வருடங்கள் ஆகும். நீதி அமைச்சகம் நடத்தும் சமூக ஒருங்கிணைப்புத் திட்ட வகுப்பில் உங்கள் மனைவியைச் சேர்த்துவிடுங்கள். பூச்சியத்திலிருந்து ஐந்தாம் நிலை வரை உண்டு, பின்னால் நீண்டகால விசாவுக்கும் அதில் மதிப்பெண் கிடைக்கும். அதைவிடப் பெரிய பலன், அவருக்கென்று போக ஓர் இடம், அவரைத் தேடும் நாலு பேர். வியட்நாம், உஸ்பெகிஸ்தான், நேபாளப் பெண்களோடு அரைகுறைக் கொரியத்தில் பேசிச் சிரித்துத்தான் எனக்கு இந்த ஊர் பழகியது. நாளைக்கு நர்சரி ஆசிரியை அனுப்பும் செய்தியைப் படிக்கவும், காகாவ்டாக் என்ற, நம்மூர் வாட்ஸ்அப் மாதிரியான செயலியில் அம்மாக்கள் குழுவில் பதில் போடவும் அவருக்கு இது வேண்டும். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் பேசப்போவது அவர்தானே.

மகளுக்கு வருவோம். கொரியக் குழந்தைகளுக்கு நர்சரிக் கட்டணத்தை அரசு ஏற்கிறது, நம் குழந்தைகளுக்கு அது தானாகக் கிடைக்காது. சில நகராட்சிகள் ஒரு பகுதி தருகின்றன, வந்ததும் நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். தொடக்கப்பள்ளி வயதில் அரசுப் பள்ளியில் இலவசமாகவே சேர்க்கலாம், மதியச் சாப்பாடும் உண்டு. குழந்தைகள் ஆறு மாதத்தில் கொரியம் பேசிவிடும். அப்புறம்தான் ஹக்வொன் என்ற டியூஷன் உலகம் கதவைத் தட்டும். சியோலில் இரவு 10 மணிக்கு மேல் டியூஷன் நடத்தக்கூடாது என்று விதி போட வேண்டிய அளவுக்குப் படிப்புப் போட்டி. நவம்பரில் நடக்கும் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் கேட்டு எழுதும் நேரத்துக்கு விமானங்கள்கூட ஏறி இறங்குவதில்லை. யூடியூபில் நீங்கள் பார்த்த மூச்சுத்திணறல் இங்கேதான் இருக்கிறது. 2024இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தை 0.75, தற்கொலை விகிதம் பணக்கார நாடுகளிலேயே மிக அதிகம். வீட்டு விலையும் டியூஷன் செலவும் சேர்ந்து என் கொரியத் தோழிகளை எப்படி அழுத்துகின்றன என்று பக்கத்திலிருந்து பார்த்து எனக்கு மனம் கனத்திருக்கிறது. அந்தப் போட்டிக்குள் உங்கள் மகளை எவ்வளவு தூரம் விடுவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

அழைத்து வாருங்கள் என்பதுதான் என் பதில், ஆனால் சேர்ந்தே வர வேண்டாம். இங்கே கல்வியாண்டு மார்ச்சில் தொடங்குகிறது, நர்சரியில் இடம் காலியாவதும் அப்போதுதான். நீங்கள் முன்னால் வந்து அட்டை, கைபேசி, வங்கி, வீடு நாலையும் முடித்துவிட்டு, பிப்ரவரி கடைசியில் அவர்களை வரச் சொல்லுங்கள். அதற்குள் உங்கள் மனைவி திருச்சியிலேயே கொரிய எழுத்தைப் படித்து முடித்திருக்கட்டும். கல்யாணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும், வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரையை அங்கேயே வாங்கிவிடுங்கள், இங்கே வந்தபின் அதற்கு அலைவது பெரும்பாடு. குளிர்கோட்டு அங்கே வாங்காதீர்கள், இங்கே கிடைப்பதுதான் இந்தக் குளிருக்குச் சரி. பெட்டியில் மிச்சமிருக்கும் இடத்துக்குக் காய்ந்த கறிவேப்பிலையும், மகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகங்களும்.