பெஞ்ச் பிரஸ் மூன்று மாதமாக 40 கிலோவிலேயே நிற்கிறது. ஜிம்மை மாற்றுவதா, புரோட்டீன் பவுடர் குடிப்பதா?

நீங்கள் எழுதியிருப்பது இது: வயது 26, உடல் எடை 64 கிலோ, கோவை சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை, ஜிம்மில் சேர்ந்து ஏழு மாதம். பெஞ்சில் மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பார் 20 கிலோ, பக்கத்துக்கு 10 கிலோ பிளேட், ஆக 40. அதில் 5 ரெப்ஸ், அதாவது விடாமல் ஐந்து தடவை, வருகிறது. 45 போட்டால் பார் நெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்கிறது.

ஜிம்மும் பவுடரும் அப்புறம். அந்த பார் 20 கிலோ என்று உங்களுக்கு யார் சொன்னது?

அதே கோவையில், கணபதி பகுதியில் 12 வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். 20 கிலோ என்பது ஒலிம்பிக் பாரின் எடை. அதன் நீளம் 2.2 மீட்டர், பிளேட் மாட்டும் முனை 50 மி.மீ. தடிமன் இருக்கும், தனியாகச் சுழலும். பெண்களுக்கான போட்டி பாரே 15 கிலோதான். நம் பக்கத்துச் சின்ன ஜிம்கள் பலவற்றில் கிடப்பது 28 மி.மீ. தடிமனுள்ள கம்பி. ஆறடிக் கம்பியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 9 கிலோவுக்கு மேல் வராது. சந்தேகம் இருந்தால் எடை மெஷினில் வெறுங்கையோடு ஒரு முறை, பாரைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை ஏறி நில்லுங்கள். வித்தியாசம்தான் பாரின் எடை.

உங்களுடையதும் அந்த மாதிரிக் கம்பி என்றால் நீங்கள் தூக்குவது 40 அல்ல, 29. கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பார் ஏன் நெஞ்சில் உட்காருகிறது என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது. 29இல் 5 கிலோ கூட்டுவது என்றால் ஒரே நாளில் ஆறில் ஒரு பங்கு கூட்டுவது. 5 ரெப்ஸ் சுத்தமாகப் போடுகிறவர் அந்தத் தாவலில் ஒன்று போட்டாலே பெரிய விஷயம். உங்கள் உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை, படிதான் உயரம்.

படி ஏன் அவ்வளவு உயரம்? ஜிம்மில் இருக்கும் மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ. பக்கத்துக்கு ஒன்று போட்டால் 5 ஆகிவிடும். 1.25 கிலோ பிளேட் கடையில் கிடைக்கிறது. ஆனால் ஓனர்கள் வாங்கமாட்டார்கள், வாங்கினாலும் அது முதலில் காணாமல் போகும்.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு தம்பிக்கு லேத் பட்டறையில் ஜாப் ஒர்க். ஷோல்டர் பிரஸ் (பாரைத் தலைக்கு மேல் தள்ளுவது) நகரவே இல்லை. இந்தக் கணக்கைச் சொன்னேன். "அவ்வளவுதானுங்களா மாஸ்டர்? பட்டறையில துண்டு ராடு கெடக்குதுங்க, கடைஞ்சு கொண்டாந்தர்றனுங்க" என்றான். அடுத்த வாரம் நாலு வட்டு வந்தது. 10 செ.மீ. விட்டம், 9 மி.மீ. கனம், நடுவில் கம்பி நுழையும் ஓட்டை. ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்கு ஒரு பத்து கிராம் முன்னே பின்னே. பக்கத்துக்கு ஒன்று மாட்டினால் மொத்தம் ஒரு கிலோ ஏறும். "இதென்ன தோசைக்கல்லா" என்று கேலி செய்தவர்களே இரண்டு மாதத்தில் அதற்கு வரிசை போட்டார்கள். பட்டறைகள் இத்தனை இருக்கிற ஊரில் இருந்துகொண்டு 5 கிலோ தாவலோடு மல்லுக்கட்டுவது எனக்கு விளங்காத விஷயம்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். திங்கட்கிழமை மட்டும் நெஞ்சு என்று வைத்திருப்பீர்கள், ஊரே அப்படித்தான். அதை வாரம் இரண்டு நாளாக்குங்கள். மூன்று செட் (சுற்று), செட்டுக்கு 5 ரெப்ஸ், நடுவில் மூன்று நிமிடம் ஓய்வு. மூன்று செட்டும் சுத்தமாக வந்தால் அடுத்த முறை ஒரு கிலோ கூட்டுங்கள். வராவிட்டால் அதே எடை. தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் பத்தில் ஒரு பங்கு குறைத்து மறுபடி ஏறி வாருங்கள். இதெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்க வேண்டும். போன வாரம் என்ன தூக்கினோம் என்று யோசித்துச் சொல்கிறவருக்கு நான் புது எடை கொடுப்பதில்லை.

படுக்கும்போது தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுத்து பெஞ்சில் அழுத்துங்கள், பாதம் தரையில் இருக்கட்டும். பார் இறங்க வேண்டிய இடம் கழுத்துப் பக்கம் அல்ல, நெஞ்சின் கீழ்ப்பாதி. கட்டைவிரல் பாரைச் சுற்றி வரும்படி பிடியுங்கள். பக்கத்தில் பிடிக்க ஆள் இல்லாமல் புது எடை போடாதீர்கள். தனியாகத்தான் போடுவேன் என்றால் முனையில் பிளேட் நழுவாமல் தடுக்கும் கிளிப்பை மாட்டாதீர்கள். பாருக்கு அடியில் சிக்கிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டை உருட்டிவிட்டாவது தப்பிக்கலாம்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. 23 வயதில், வேறொரு ஜிம்மில், பிரியாணிப் பந்தயத்துக்காக ஒரே நாளில் 100இலிருந்து 140 கிலோவுக்குத் தாவி டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் பாரைக் குனிந்து தூக்கி நிமிர்வது) போட்டேன். பார் முழங்கால் வரை வந்தது. பிறகு இரண்டு மாதம் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. பிரியாணியும் வாங்கித் தரவில்லை.

கடைசியாகப் பவுடர். அதுவும் ஒரு சாப்பாடுதான், மருந்தோ மாயமோ அல்ல. எடைப் பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். உங்களுக்கு நாளைக்குச் சுமார் 100 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், பக்கத்திலேயே நாமக்கல் இருக்கிறது. 100 கிராம் கொள்ளில் 22 கிராம், சோயா உருண்டையில் 50 கிராமுக்கு மேல் (இரண்டும் காய்ந்த எடைக்கு). அரிசியும்பருப்பும் சாதம் எனக்கும் உயிர்தான், ஆனால் அந்தத் தட்டில் அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். புரட்டாசி வந்தால் எங்கள் ஜிம்மில் பாதி நோட்டுகளில் எண் அப்படியே நிற்கும். முட்டையை விட்டவர்கள் அந்த இடத்தில் பயறையோ பனீரையோ வைக்க மறந்துவிடுகிறார்கள் என்பது என் ஊகம். 100 கிராம் கணக்கு சாப்பாட்டில் சேரவில்லை என்றால் மட்டும் பவுடர் வாங்குங்கள்.

ஜிம்மை மாற்ற வேண்டியதில்லை. பாரை எடை போட்டுவிட்டு எவ்வளவு வந்தது என்று இங்கேயே எழுதுங்கள், எந்த எண்ணில் ஆரம்பிப்பது என்று சொல்கிறேன்.