நோட்டுப் புத்தகத்தோடு ஓடிய பையன்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நீங்கள் அடிக்கடி வெளிநாட்டுப் படங்களைப் பற்றி எழுதுவதைப் படித்துவிட்டு எனக்கும் ஆசை வந்தது. நண்பர் ஒருவர் நூறு உலகப் படங்களின் பட்டியல் ஒன்று கொடுத்தார். அதிலிருந்து மூன்றை முயன்றேன், மூன்றிலும் அரை மணி நேரத்துக்குள் தூங்கிவிட்டேன். ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன், வீடு திரும்பும்போது இரவு 9 மணி தாண்டிவிடும், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். “தெரியாத பாஷையில் யாரோ நடந்துகொண்டே இருக்கிறார்கள், அதை எதற்குப் பார்க்கிறீர்கள்?” என்று என் மனைவி கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு மிகவும் பிடித்த படங்கள் எவை? எங்களைப் போன்றவர்கள் அவற்றை ஏன் பார்க்க வேண்டும்? மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளோடு சேர்ந்து பார்க்கும்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

அந்தப் பட்டியலை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். ஒரே ஒரு படத்தைச் சொல்கிறேன், அதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த படத்திலும் ஒரு பையன் நடந்துகொண்டே, இல்லை, ஓடிக்கொண்டே இருக்கிறான். ஆனால் அவன் கையில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அது தெரிந்துவிட்டால் தூக்கம் வராது.

ஈரான் இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி 1987இல் எடுத்த ‘நண்பனின் வீடு எங்கே?’. வட ஈரானில் கோக்கேர் என்கிற மலைக் கிராமம், அங்கே ஒரு பள்ளிக்கூடம். பக்கத்து ஊரான போஷ்தேயிலிருந்து வரும் ஒரு பையன் வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதாமல் தனித்தாளில் எழுதி வந்திருக்கிறான். ஆசிரியர் தாளைக் கிழித்துப் போட்டு, இன்னொரு முறை இப்படிச் செய்தால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவேன் என்கிறார். பையன் தேம்பித் தேம்பி அழுகிறான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அகமது அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். சாயங்காலம் வீட்டில் பையைத் திறந்தால், அந்த நண்பனின் நோட்டும் இவனிடமே இருக்கிறது! இரண்டுக்கும் ஒரே மாதிரி அட்டை, மாறி எடுத்து வந்துவிட்டான்.

இதை இன்றைக்கே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கதை அவ்வளவுதான். நண்பனின் வீடு எது என்று அவனுக்குத் தெரியாது.

அவன் அம்மாவிடம் சொல்கிறான். அம்மா துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள், கைக்குழந்தை வேறு அழுகிறது, “முதலில் வீட்டுப்பாடத்தை எழுது” என்கிறாள். மறுபடி சொல்கிறான். குழந்தையைப் பார்த்துக்கொள், அதை எடுத்து வா, ரொட்டி வாங்கி வா. எத்தனை முறை எத்தனை விதமாகச் சொன்னாலும் அவன் விளையாடப் போக வழி தேடுகிறான் என்றுதான் அவளுக்குப் படுகிறது. அவள் கெட்டவள் இல்லை, வேலையில் இருக்கிறாள். இந்தக் காட்சியை முதலில் ஒரு பிலிம் சொசைட்டி அரங்கில் பார்த்தபோது எனக்கு அந்தப் பையன் மட்டும்தான் தெரிந்தான். பல வருடம் கழித்து, எனக்கும் குழந்தைகள் பிறந்த பிறகு பார்த்தபோது, அந்த அம்மாவின் இடத்தில் நான் நிற்பது தெரிந்து பாதியில் படத்தை நிறுத்திவிட்டேன். அன்று காலையில்தான் என் மகன் ஏதோ சொல்ல வந்து மூன்று முறை “அப்பா” என்று கூப்பிட்டிருந்தான். அவன் என்ன சொல்ல வந்தான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

சரி, கதைக்கு வருகிறேன். அகமது நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடுகிறான். ஒரு மொட்டைக் குன்று, உச்சியில் ஒற்றை மரம், அதை நோக்கி வளைந்து வளைந்து ஏறும் ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையைப் படத்துக்காகவே கியரோஸ்தமி போட வைத்தார். திரும்பத் திரும்ப அதே குன்றில் அவன் ஏறுகிறான், இறங்குகிறான். போஷ்தேயில் யாரைக் கேட்டாலும் சரியான பதில் இல்லை. கொடியில் நண்பனின் கால்சட்டை மாதிரியே ஒன்று காய்கிறது, அதை நம்பி ஒரு வீட்டு முன்னால் போய் நிற்கிறான். அப்புறம் ஊர் திரும்பினால் தாத்தா பிடித்துக்கொள்கிறார், சிகரெட் எடுத்து வரச் சொல்கிறார். அவரிடமே சிகரெட் இருக்கிறது! பையன் சொன்ன பேச்சு கேட்க வேண்டும், அதற்குத்தான் இந்த வேலை. “என் அப்பா வாரம் ஒரு காசு கொடுப்பார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடிப்பார், காசைச் சில சமயம் மறந்துவிடுவார், அடியை மறக்கவே மாட்டார்” என்று பக்கத்திலிருப்பவரிடம் அந்தத் தாத்தா பெருமையாகச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அதே மாதிரி பேசிய பெரியவர்கள் நடுவில்தானே நாமும் வளர்ந்தோம். பாஷை தெரியாது என்கிறீர்கள், அந்தத் தாத்தாவைப் பார்த்தால் அது உங்களுக்கு ஞாபகமே வராது.

முடிவைச் சொல்லப் போவதில்லை. ஒரு சின்னப் பூ இருக்கிறது, அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இந்த நடையும் ஓட்டமும் இதோடு நிற்கவில்லை என்பதால்தான் கியரோஸ்தமி எனக்கு இத்தனை நெருக்கம். 1990 ஜூனில் அந்தப் பகுதியில் பெரிய நிலநடுக்கம், பல்லாயிரம் பேர் இறந்துபோனார்கள். படத்தில் நடித்த பையன்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்க அவர் தன் மகனோடு காரில் கிளம்பிப் போனார். அந்தப் பயணத்திலிருந்து 1992இல் அடுத்த படம் வந்தது. இடிந்த வீடுகள், விரிசல் விட்ட சாலைகள், அவற்றுக்கு நடுவே ஒரு அப்பாவும் மகனும் பழைய படத்தின் போஸ்டரைக் காட்டி விசாரித்துக்கொண்டே போகிறார்கள். ஊரே கூடாரத்தில் இருக்கும்போது ஒருவர் உலகக்கோப்பை கால்பந்து பார்க்க ஆண்டெனா நட்டுக்கொண்டிருக்கிறார். சொந்தக்காரர்களைப் பறிகொடுத்த ஒருவன் மறுநாளே கல்யாணம் செய்துகொண்டதைச் சொல்கிறான். 1994இல் வந்த மூன்றாவது படத்தில், அந்தக் கல்யாண ஜோடிக் காட்சியைப் படம்பிடிப்பதே கதை. மனைவியாக நடிக்கும் பெண்ணை நிஜத்திலும் கேட்டு மறுக்கப்பட்ட ஒரு ஏழைக் கொத்தனார், ஆலிவ் தோப்பு வழியாக அவள் பின்னாலேயே போகிறான். கடைசியில் பச்சை வயலில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள்தான் தெரியும். கியரோஸ்தமி எவ்வளவு தூரத்தில் காமிராவை வைத்துவிட்டு நிற்கிறார் பாருங்கள், அவர்கள் என்ன பேசினார்கள் என்பது நமக்குக் கேட்காது. அந்தப் பையன்களும் இந்தப் படத்தில் சற்று வளர்ந்தவர்களாக வந்து போகிறார்கள். அவர்களைத் திரையில் பார்த்ததும் நான் அழுதேன்.

மகள் தூங்கிய பிறகு நீங்களும் உங்கள் மனைவியும் பார்க்க இன்னொன்று: ஜப்பான் இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’, 1953. இதில் யாரும் ஓட மாட்டார்கள், பாயில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், காமிராவும் அவர்களோடு தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். ஓனோமிச்சி என்ற ஊரிலிருந்து வயதான பெற்றோர் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். மகன் டாக்டர், மகள் அழகு நிலையம் வைத்திருக்கிறாள், இருவருக்கும் நேரமில்லை. போரில் இறந்த இன்னொரு மகனின் மனைவிதான் வேலைக்கு விடுப்புப் போட்டு அவர்களை ஊர் சுற்றிக் காட்டுகிறாள். முதியவராக நடித்த சிஷூ ரியூவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை என்பதைப் படம் பார்த்த பிறகு தெரிந்துகொண்டபோது என்னால் நம்ப முடியவில்லை. இரண்டேகால் மணி நேரம் ஓடும், அதனால் விடுமுறை நாளில் பாருங்கள்.

முதல் படம் 83 நிமிடம்தான். கடையிலிருந்து வந்த களைப்போடு வேண்டாம், ஞாயிறு காலையில், சாப்பாட்டுக்கு முன்னால். சப்டைட்டில் உங்கள் மகளுக்கு வேகமாகப் படிக்க வராது, நீங்கள் கதை சொல்வது மாதிரி தமிழில் சொல்லிக்கொண்டே வாருங்கள், நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. இருட்டிய பிறகு ஒரு வயதான தச்சர் அகமதை நண்பனின் வீடு வரை கூட்டிக்கொண்டு போவார். அத்தனை தூரம் ஓடி வந்தவன் நோட்டைக் கொடுக்காமலே திரும்பி வருவான். ஏன் கொடுக்கவில்லை என்று மகளிடம் கேளுங்கள். அதற்கு நான் பல வருடமாகப் பல காரணங்கள் யோசித்து வைத்திருக்கிறேன், எதுவும் எனக்கே முழுதாகத் திருப்தி தரவில்லை. அவள் என்ன சொன்னாள் என்பதை எனக்கு எழுதுங்கள்.