அப்லேஷனில் நேரும் சிக்கல்கள்: கேள்வி பதில்

பதிலளிப்பவர்: மும்பையில் பணிபுரியும் இதயத்துடிப்பு மருத்துவர். அப்லேஷன் என்பது இதயத்துள் மெல்லிய குழாய் செலுத்தி, துடிப்பைக் குலைக்கும் திசுவைச் சுட்டுச் சரிசெய்யும் சிகிச்சை.

செம்பூர் வாசகி: என் கணவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷனுக்காக (இதய மேலறைகளின் தாறுமாறான துடிப்பு) அப்லேஷன் செய்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு நாளாகக் காய்ச்சல். விழுங்கினால் நெஞ்சு வலிக்கிறது. பக்கத்து மருத்துவர் எண்டோஸ்கோபி எழுதித் தந்திருக்கிறார்.

பதில்: அம்மா, எண்டோஸ்கோபி வேண்டாம். அப்லேஷன் செய்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு இப்போதே அழைத்துச் செல்லுங்கள். இதயத்தின் இடது மேலறைக்கு ஒட்டிப் பின்னால் உணவுக்குழாய் இறங்குகிறது. அப்லேஷனின் சூடு அதையும் புண்ணாக்கினால், சில வாரம் கழித்து இரண்டுக்கும் நடுவே துளை விழக்கூடும். மிக அரிது, ஆனால் உயிரைப் பறிப்பது. எண்டோஸ்கோபியில் செலுத்தும் காற்று அத்துளை வழியே இதயத்துள் புகுந்து மூளையின் இரத்தக்குழாயை அடைத்துவிடும். முதலில் வேண்டியது சாயம் ஏற்றி எடுக்கும் மார்பு சிடி ஸ்கேன்.

முலுண்ட், பயிற்சி மருத்துவர்: அப்லேஷனின்போது இதய உறைக்குள் இரத்தம் கசிந்து தேங்குவதை எப்படி உடனே கண்டுகொள்வது, ஐயா?

பதில்: நான் தாமதித்த ஒரு நாளைச் சொல்கிறேன். நோயாளியின் இரத்த அழுத்தம் 120இலிருந்து 85க்கு இறங்கியது. "பிபி இறங்குது டாக்டர்" என்று செவிலியர் உடனே சொன்னார். மயக்க மருந்தால்தான் என்று எண்ணி, அதைக் குறைத்து, சலைனைக் கூட்டச் சொன்னேன். பிறகு எக்ஸ்ரே திரையைப் பார்த்தால், அதுவரை துடித்துக்கொண்டிருந்த இதயத்தின் இடது விளிம்பு அசையாமல் நின்றிருந்தது; உறைக்குள் இரத்தம் தேங்கியதன் அடையாளம் அது. எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) உறுதிசெய்ததும், இரத்தம் உறையாதிருக்கக் கொடுத்திருந்த ஹெப்பாரினை முறிக்கப் புரோட்டமின் கொடுத்து, மார்பெலும்பின் கீழ் ஊசி செலுத்தி இரத்தத்தை உறிஞ்சினோம். அழுத்தம் ஏறியது, அவரும் பிழைத்தார். அன்று மாலையே அனைவரும் உட்கார்ந்து மானிட்டர் பதிவை நிமிடம் நிமிடமாகப் பார்த்தோம். செவிலியர் சொன்னதற்கும் நான் எக்கோ கேட்டதற்கும் இடையே ஏழு நிமிடம். அன்றிலிருந்து எங்கள் கேத் லேபில் (இச்சிகிச்சை நடக்கும் அறை) அழுத்தம் சரிந்தால் என் அனுமதிக்குக் காத்திராமல் யாரும் எக்கோ கருவியை மேசையருகே இழுக்கலாம்.

வாஷி, மருத்துவர்: ஏற்க முடியவில்லை. ஆளாளுக்கு எக்கோ எடுத்தால் வேலை ஓடுமா? பலமுறை ஒன்றும் இருக்காது.

பதில்: ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும், அதைத் தடையாக நான் கருதவில்லை. "போன தடவை வீணாகக் கூப்பிட்டாயே" என்று ஒருமுறை கடிந்துகொண்டால், அடுத்த முறை அந்தச் செவிலியர் வாய் திறக்கமாட்டார்.

வாஷி, மருத்துவர்: அப்படியானால் நோயாளியிடமும் அந்த ஏழு நிமிடத்தைச் சொன்னீர்களா?

பதில்: மறுநாள் அவர் மனைவியையும் வைத்துக்கொண்டு சொன்னேன். சொல்ல வேண்டியது என் கடமை.

தானே வாசகர்: படபடப்பு வந்தால் அப்லேஷன் கட்டாயமா?

பதில்: இல்லை. படபடப்பின்போது எடுத்த ஈசிஜியுடன் உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

டோம்பிவிலி வாசகர்: அப்லேஷன் முடிந்து ஒரு மாதமாகிறது, இலேசான காய்ச்சல். எண்டோஸ்கோபி செய்யலாமா?

பதில்: செம்பூர் அம்மாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: எண்டோஸ்கோபி வேண்டாம். இலேசான காய்ச்சல் என்று வீட்டில் இருக்காமல், உங்களுக்கு அப்லேஷன் செய்தவரை இப்போதே தொலைபேசியில் அழையுங்கள்.