ஒன்றைத் தெரிவு செய்தால்தான் கலைஞராக முடியுமா?

கேள்வி: "மகள் கொழும்பில் படிக்கிறாள். வரைகிறாள், பாடுகிறாள், போனில் வீடியோ எடுத்து வெட்டி ஒட்டுகிறாள். எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யும் கலைஞராக வர ஆசையாம். முதலில் ஒன்றில் தேறச் சொல்வதா, அவள் போக்கில் விடுவதா?"

ஓ.எல். (க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை) பாடம் தெரிவு செய்யும் படிவம் வீட்டுக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும். ஒன்றுக்குத்தான் அடையாளம் போடலாம். எங்கள் வீட்டிலும் அந்தப் படிவத்தால் ஒரு கிழமை சண்டை நடந்தது. அதனால்தான் படுக்கப் போனவள் எழும்பி வந்து இதை எழுதுகிறேன்.

எதைப் போட்டாலும் பரவாயில்லை, ஏதாவது ஒன்றைப் போடட்டும். நான் சித்திரம் போட்டேன், சித்தியும் அடைந்தேன். இப்போது வயது 44. பெயர்ப்பலகை எழுதுவேன், ஸ்கிரீன் பிரிண்ட் அடிப்பேன், படம் எடுப்பேன், துணியில் தைப்பேன், ஒலிப்பதிவும் செய்வேன். இதில் ஒன்றைக்கூட நான் உட்கார்ந்து யோசித்துத் தெரிவு செய்யவில்லை. செய்துகொண்டிருந்தது எங்கேயாவது முட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் அடுத்தது கைக்கு வரும். அவ்வளவுதான் நடந்தது.

அப்பா கொழும்பு கொட்டாஞ்சேனையில் போர்ட் எழுதுகிறவர். வீட்டு முன்னறைதான் கடை. தகரத்துக்கு வெள்ளை எனாமல் அடித்துக் காயவிட்டு, நூலில் சோக்குத் தூள் தடவி, ஒரு முனையை நான் பிடிக்க மறு முனையை அவர் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் பலகையில் நேர்க்கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் எழுத்து. பத்து வயதில் எனக்குக் கிடைத்த வேலை, அவர் ஓரம் கட்டிய எழுத்துக்குள் நிறம் நிரப்புவது. பதினாலு வயதில் 'எனக்கும் ஒரு முழு போர்ட் தாங்க' என்று அடம்பிடித்தேன். ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு சலூனுடைய பலகையைத் தந்தார்.

சிங்களத்தில் மூன்று எழுத்தில் முடிந்துவிடும் சலூன், தமிழில் 'சிகையலங்கரிப்பு நிலையம்'. எண்ணிப் பாருங்கள், 13 எழுத்து. நான் கணக்கில் கெட்டிக்காரி. பலகையின் நீளத்தை 13 ஆகப் பிரித்து, நடுவில் ஓர் இடைவெளி விட்டுப் பென்சிலால் கோடு போட்டேன். எழுதத் தொடங்கி நிறமும் நிரப்பி 'நிலைய' வரை வந்தால், பலகை முடிந்துவிட்டது. 'ம்' வெளியே நிற்கிறது.

என்ன நடந்தது என்றால், கையும் லையும் ஒவ்வோர் எழுத்துத்தான், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு எழுத்தின் இடத்தைத் தின்னும். நான் எழுத்தை எண்ணினேன், அப்பா இடத்தை எண்ணுவார். அதிலும் அவர் எழுதுவது யானைத் தும்பிக்கை மாதிரி மேலே சுழிக்கும் பழைய லை. ஓரெழுத்து இடத்துக்குள் அடங்கிவிடும். தமிழ்நாட்டில் 1978 இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு, இந்தியப் பத்திரிகைகளில் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகியிருந்தது புதிய லை. அன்று அதுதான் காலை வாரியது.

சலூன்காரர் பலகை எடுக்க வந்துகொண்டிருக்கிறார். எனாமல் பாதி காய்ந்துவிட்டது, துடைத்தால் வெள்ளையும் சேர்ந்து வரும். அப்பா ஏசவில்லை. ஒரு நிமிடம் பார்த்தார், பிறகு மெல்லிய தூரிகையை எடுத்து, 'ய'வின் வலது காலிலிருந்து கீழே தொங்குகிற மாதிரி ஒரு திறந்த கத்திரிக்கோல் வரைந்தார். கத்திரிக்கோலின் ஒரு பிடி வளையத்துக்குள் சின்னதாக 'ம்'. வந்த மனிதர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டது: "பாஸ், இந்தப் படத்துக்குத் தனியாக் காசா?"

"இல்ல, அது பிள்ளை சும்மா போட்டது" என்றார் அப்பா. அடுத்த மாதம் பக்கத்துத் தையல்காரர் வந்து தனக்கும் 'ஊசி தொங்குற மாதிரி' வேண்டும் என்றார். நான் படம் வரையத் தொடங்கியது இப்படித்தான், எழுத்துக்கு இடம் போதாமல்.

பிறகு பிளெக்ஸ் வந்தது. நாங்கள் மூன்று நாள் செய்யும் பலகையை மெஷின் ஒரு மணித்தியாலத்தில் துப்பியது. அப்பாவுக்கு மாதத்தில் இரண்டு வேலை வந்தால் பெரிது. நான் ஒரு ஸ்கிரீன் பிரிண்ட் கடைக்கு வேலைக்குப் போனேன். கோயில் நோட்டீஸ், கல்யாணக் கார்ட், டீசேர்ட். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்கு மேல் மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரே இழுவை. அழுத்தம் கூடினால் எழுத்து ஊறிவிடும், குறைந்தால் நடுவில் பொத்தல். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சம்பளம் குறைவு, விரல் நகம் எப்போதும் நீலம்.

வீதியில் அப்பாவின் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தார்கள். கேட்டு வாங்கி வைக்க வீட்டில் இடமில்லை. எனவே மாமாவின் மகனிடம் கமரா இரவல் வாங்கிப் படம் எடுத்தேன். அது கலை என்று எனக்குத் தெரியாது, கணக்கெடுப்பு என்றுதான் நினைத்தேன். பலகையைப் படத்தில் பார்க்கலாம், ஆனால் அது எந்தக் கடை, யார் காசு தராமல் ஏமாற்றினார் என்ற கதையெல்லாம் அப்பாவின் வாயில்தான் இருந்தது. அவரை உட்காரவைத்துப் பதிவு செய்தேன். முக்கியமான இடத்தில் வெளியே பாண் விற்கிற சூன் பான் ஓட்டோ வந்து பீத்தோவனின் இசையைப் போட்டுக்கொண்டு நின்றது. அப்பா பேச்சை நிறுத்திவிட்டு "மாலுபான் ரெண்டு வாங்கு" என்கிறார். அதை நான் வெட்டவில்லை. படங்களையும் அந்தக் குரலையும் ஒரே அறையில் வைத்தபோது ஆட்கள் சிரித்தது அந்த இடத்தில்தான்.

தையல் வந்தது 2022 இல். கடதாசி இல்லை. மேல் மாகாணப் பள்ளிகளில் பரீட்சையையே தள்ளிப்போட்ட காலம் அது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பிரிண்டும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை. அம்மாவின் பழைய பெட்ஷீட்டில், மெழுகுதிரி வெளிச்சத்தில், அப்பாவின் பழைய லையை நூலால் தைத்தேன். அதில்தான் எனக்கு முதல் தடவை ஒழுங்கான காசு வந்தது. ஏன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

இப்போது ஒருவர் வந்து 'எல்லாவற்றையும் தொட்டவர் எதிலும் தேற மாட்டார்' என்று கீழே எழுதுவார். தெரியும். அவருக்கு முன்கூட்டியே: கில்ஃபர்ட் கிரசன்டில் லயனல் வெண்ட் பெயரில் அரங்கு இருக்கிறதே, அவர் சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர், இந்த நாட்டின் மிகச் சிறந்த புகைப்படக்காரர்களில் ஒருவர். 1943 இல் ஓவியர்களைக் கூட்டி 43 குழுவைத் தொடங்கியதிலும் முன்னுக்கு நின்றார். 'அவர் நீதியரசரின் மகன், நாங்கள் யார்' என்பீர்கள். அது நியாயம், நானும் அதைத்தான் சொல்வேன். சரி, லக்கி சேனாநாயக்கவைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவர். 1979 இல் வந்த பறவை, விலங்கு, பூப் போட்ட காசு நோட்டுகள் அவருடைய கை. கண்டலமையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய ஹோட்டலின் படிக்கட்டில் நிற்கும் பெரிய ஆந்தையும் அவருடையது. உங்கள் அம்மா அப்பா அந்த நோட்டைக் கொடுத்துப் பாண் வாங்கியிருப்பார்கள். நோட்டில் வரைந்தவர் சிற்பத்தைத் தொடக் கூடாது என்று யாரும் மறிக்கவில்லை.

என்னை மறித்தார்கள். ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன், இடத்தின் பெயர் வேண்டாம். 'ஓவியம், சிற்பம், புகைப்படம், ஏதாவது ஒன்றைக் குறிக்கவும்.' ஓ.எல். படிவம் முப்பது வருடம் கழித்துத் திரும்ப வந்திருக்கிறது! மூன்றையும் குறித்தேன். 'படிவம் முறையாக நிரப்பப்படவில்லை' என்று பதில் வந்தது.

அதைவிட எரிச்சல் வேறு. அந்தப் பதில் கடிதத்தின் தலைப்பிலேயே தமிழ் உடைந்திருந்தது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய், பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம். கொழும்பில் பாதிப் பலகைகள் இப்படித்தான். தமிழ் சரியாக அமையாத மென்பொருளில் போட்டுவிட்டுப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்புவது. மூன்று மொழியில் எழுதிவிட்டோம் என்று கணக்குக் காட்டினால் சரியாம். யாராவது தமிழ் தெரிந்த ஒருவரிடம் ஒரு தடவை காட்டினால் என்ன குறைந்துவிடும்? அப்பா மூன்று மொழியும் கையால் எழுதினார், ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவர். ஒரு கொம்பு இடம் மாறியதில்லை. கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மன்னிக்கவும்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். என் வழியில் காசு வரும் என்று நான் சொல்லவே இல்லை. இன்றும் வாடகை கட்டுவது கல்யாணக் கார்ட்தான். ஒரு வருடம் கலா பொல என்கிற தெருவோரக் கலைச் சந்தையில், கிரீன் பாத் ஓரம் காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்து இரண்டு துணி விற்றேன். அதில் ஒன்றை வாங்கியது என் சித்தி. அவளுக்குக் கைவேலை ஒன்று, சோறு போடுவது, கட்டாயம் இருக்கட்டும். வீடியோ வெட்டத் தெரிந்தால் அதுவே போதும்.

இன்னொன்று. அவள் போனில் எடுப்பதையெல்லாம் போனிலேயே வைத்திருப்பாள். ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுங்கள். நான் முதலில் எடுத்த அறுபது பலகைப் படங்களும் மாமா மகனின் மெமரி கார்டில் இருந்தன. அவன் அதை அழித்துவிட்டுத் தன் நண்பனின் கல்யாணத்தை எடுத்தான். சலூன் பலகையும் அதோடு போய்விட்டது.