போலியாவின் வகுப்பறை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: கணிதவியலாளர் ஜார்ஜ் போலியா ஆரம்பத்திலிருந்தே கணிதம்தான் படித்தாரா?

இல்லை. 1887-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். முதலில் சட்டம், அது பிடிக்காமல் மொழி, இலக்கியம், அப்புறம் தத்துவம் என்று சுற்றித்தான் கணிதத்துக்கு வந்தார். 1914-ல் சூரிச்சில் வேலை, 1940-ல் அமெரிக்கா, 1942 முதல் ஸ்டான்போர்டு. 1953-ல் ஓய்வு பெற்ற பிறகும் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை அவர் விடவில்லை.

கேள்வி: பெரிய ஆராய்ச்சியாளர், கற்பித்தலில் ஏன் இவ்வளவு அக்கறை?

மாணவராக இருந்தபோதே அவரை உறுத்திய கேள்வி ஒன்று உண்டு: விடை சரிதான், ஆனால் இந்த வழி ஒருவருக்கு எப்படித் தோன்றியிருக்கும்? பாடப்புத்தகம் அதைச் சொல்வதே இல்லை. அதனால்தான் விடையைச் சொல்வதற்கு முன் மாணவர்களை ஊகிக்க விட வேண்டும் என்றார்.

கேள்வி: பிள்ளைகளை ஊகிக்க விட்டால் தப்பாகத்தானே சொல்வார்கள்?

சொல்லட்டும், அங்கேதான் பாடமே தொடங்குகிறது. 1965-ல் படமாக்கப்பட்ட அவருடைய வகுப்பு ஒன்றில், ஐந்து தளங்கள் (எல்லையில்லாமல் விரியும் தட்டையான பரப்புகள்) வெளியை அதிகபட்சம் எத்தனை துண்டாக்கும் என்று கேட்கிறார். ஒரு தளம் 2, இரண்டு 4, மூன்று 8. அடுத்தது 16 என்று யாருக்கும் தோன்றும், ஆனால் 15தான் வரும். ஏன் என்று தேட, ஒரு படி கீழே இறங்கித் தாளில் கோடு போட்டுப் பார்க்க வேண்டும்: ஒரு கோடு 2, இரண்டு 4, மூன்று 7, நான்கு 11. நாலாவது தளத்தை மற்ற மூன்றும் வெட்டும்போது அதன் மேல் மூன்று கோடுகள் விழுகின்றன, அதனால் அந்தத் தளம் 7 பகுதியாகிறது, ஒவ்வொரு பகுதியும் ஒரு பழைய துண்டை இரண்டாக்குகிறது. ஆக 8+7=15. அதே மாதிரி 15+11=26. தன் ஊகம் உடைந்ததைப் பார்த்த பிள்ளை இந்தக் காரணத்தைத் தானே தேடிப் போகும், சூத்திரத்தை முதலிலேயே எழுதிப் போட்டால் தேட என்ன இருக்கிறது?

கேள்வி: அப்படியென்றால் ஆசிரியருக்கு என்ன வேலை?

வேலை கூடும். மாணவரைத் தனியே விட்டால் திணறுவார், எல்லாம் சொல்லிவிட்டால் அவருக்கு யோசிக்க எதுவும் மிஞ்சாது என்பதில் போலியா தெளிவாக இருந்தார். "தெரியாதது எது? இதே போன்ற கணக்கு முன்னால் பார்த்திருக்கிறாயா?" என்று மாணவருக்கே தோன்றியிருக்கக்கூடிய கேள்விகளைத்தான் கேட்கச் சொன்னார்.

கேள்வி: போர்ஷன் முடிக்கவே நேரமில்லையே, எப்படிச் செய்வது?

எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த வேண்டாம். வாரத்துக்கு ஒரு கணக்கு போதும். கோடுகள் கணக்கிலிருந்தே தொடங்குங்கள், தாளும் பென்சிலும் இருந்தால் சரி. ஒவ்வொருவரும் தன் ஊகத்தை முதலில் எழுதி வைக்கட்டும், அதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.