டைல்ஸ் துண்டுகளில் செய்த பூனை தட்டையாகத் தெரிகிறதே, என்ன செய்யலாம்?

நிறங்கள் பொருந்தியும் உருவத்தில் உயிர் இல்லை என்றால், பெரும்பாலும் காரணம் துண்டுகளை அடுக்கிய திசைதான். கட்டம் போட்டதுபோல் நேராக அடுக்காதீர்கள். பூனையின் ரோமம் எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமே வரிசையும் ஓட வேண்டும்: மூக்கிலிருந்து நெற்றிக்கு மேல்நோக்கி, கன்னத்தில் வெளிப்பக்கமாக, முதுகில் வளைந்து வால்வரை.

இத்தாலியில் உள்ள பழைய ரோமானிய நகரமான பொம்பேயியில், ஒரு வீட்டு வாசலில் சங்கிலி கட்டிய நாயின் மொசைக் (சிறு துண்டுகள் பதித்த படம்) இருக்கிறது. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்தது. பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும்தான், ஆனாலும் பாயப்போவதுபோல் நிற்கிறது! ரோமானியக் கலைஞர்கள் இன்னொன்றும் செய்வார்கள். உருவத்தைச் சுற்றிப் பின்னணி நிறத்திலேயே ஓரிரு வரிசை ஓடவிடுவார்கள். உருவம் பளிச்சென்று தனியே தெரியும்.

கண்ணை முதலில் ஒட்டுங்கள். கருவிழிக்குள் ஒரு சின்ன வெள்ளைத் துண்டு வைத்தால் பார்வை வந்துவிடும். முகத்துக்கு நகம் அளவுத் துண்டுகள், உடம்புக்குக் கொஞ்சம் பெரியவை. வெட்டும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சில்லு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டுக்குள் மாட்டுவதென்றால் பிளைவுட்டும் ஃபெவிக்காலும் போதும். வெளியே வைப்பதற்கு டைல் ஒட்டும் பசைதான் சரி.

அப்புறம் கிரவுட், அதாவது துண்டுகளுக்கு இடையிலான இடைவெளியை நிரப்பும் பூச்சு. வெள்ளை வேண்டாம், இடைவெளிக் கோடுகள்தான் முதலில் கண்ணில் படும். சாம்பல் நிறம் பூசி, லேசாக இறுகியதும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிடுங்கள்.